உதட்டில் கொப்புளமா? குழந்தைக்கு முத்தம் கொடுக்காதீர்கள்

(திரையில்: ஒரு பெரியவரின் உதட்டோரம், சிறு நீர்க்கொப்புளக் கொத்து)

சித்திரை வெயிலில் சென்னைக்காரர் ஒருவருக்கு உதட்டோரத்தில் இப்படிக் கிளம்பினால், "சூட்டுக் கொப்புளம், மோர் குடி" என்பார்கள். வெயில் இதைக் கிளப்பிவிடும் என்பது உண்மைதான். ஆனால் காரணம் ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸ். ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் முகத்தின் நரம்பு முடிச்சில் ஆயுள் முழுக்கத் தங்கும். காய்ச்சல், வெயில், அலைச்சல் என்று ஏதாவது வரும்போது மீண்டும் உதட்டுக்கு வரும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேரிடம் இதன் முதல் வகை இருக்கிறது. பெரியவர்களுக்குச் சில நாள் எரிச்சல், அவ்வளவுதான்.

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு இது வேறு நோய்.

(திரையில்: தொட்டில், சுற்றிலும் உறவினர்கள்)

பச்சைக் குழந்தைக்கு இந்தத் தொற்று அரிது. பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து வருகிறது. மீதியில் ஒரு பங்கு, பார்க்க வந்தவர்களின் வாயிலிருந்து. தோல், கண், வாய் அளவில் நின்றால் தப்பித்தோம். மூளைக்கோ கல்லீரலுக்கோ பரவிவிட்டால் உயிருக்கே ஆபத்து. கொப்புளமே தெரியாமலும் பரவும், அதுதான் கொடுமை. பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, காய்ச்சல், உடல் சில்லிடுவது, வலிப்பு: முதல் சில வாரங்களில் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள், அல்லது எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை போன்ற இடத்துக்கு நேரே போங்கள். கொப்புளத்தின் மேல் காவி பூசிக்கொண்டு போகாதீர்கள். மருத்துவர் அதைப் பார்க்க வேண்டும், அதிலிருந்து மாதிரியும் எடுக்க வேண்டும்.

அங்கே முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கக் கேட்பார்கள். பாட்டிகள் பதறும் இடம் இது. மூளைக்குப் போயிருக்கிறதா என்று அறிய அதுதான் வழி, மறுக்காதீர்கள். அசைக்ளோவிர் மருந்தை ரத்தக்குழாய் வழியாகச் செலுத்துவார்கள். தோல், கண், வாயோடு நின்றிருந்தால் 14 நாள். மூளைக்கோ உடல் முழுக்கவோ பரவியிருந்தால் குறைந்தது 21 நாள். பிறகு 6 மாதம் வாய்வழி மருந்து. நாள் கணக்கைக் குறைத்து வீட்டுக்கு அழைத்துவர அவசரப்படக் கூடாது.

(திரையில்: எச்சில் வடிய அழும் குழந்தை)

ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு முதல் தொற்று வேறு மாதிரி வரும். கடும் காய்ச்சல், வீங்கி ரத்தம் கசியும் ஈறு, நாக்கிலும் உதட்டிலும் புண், ஓயாமல் எச்சில். "பல் முளைக்கிறது" என்று வீட்டில் தள்ளிப்போடுவார்கள். பல் முளைப்பதால் கடும் காய்ச்சல் வராது. இரண்டு வாரத்துக்குள் தானாக ஆறிவிடும். அதுவரை நீர்ச்சத்து குறையாமல் பார்ப்பதுதான் வேலை. பாலோ, ஆறிய கஞ்சியோ ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். எட்டு மணி நேரம் சிறுநீர் போகவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போங்கள். முதல் மூன்று நாளுக்குள் காட்டினால் மருந்து நன்றாக வேலை செய்யும். புண்ணில் தேன் தடவ வேண்டாம். ஒரு வயதுக்குள் தேனே கூடாது.

(திரையில்: சோப்புப் போட்டுக் கழுவும் கைகள்)

சேனை வைக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. உதட்டுக் கொப்புளத்தைத் தொட்ட விரல் அப்படியே குழந்தையின் நாக்கில் படும். அதை விட்டுவிடலாம். கொப்புளத்தோடு வரும் பெரியம்மாவிடம் "முத்தம் வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்குச் சங்கடமாக இருந்தால், மருத்துவர் மேல் பழியைப் போடுங்கள். எந்த மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். பொருக்கு உதிர்ந்து தோல் ஆறும் வரை தள்ளி நின்று பார்க்கட்டும்.

தாயின் உதட்டில் வந்திருந்தால்? தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். முகக்கவசம் போட்டு, கையைக் கழுவிக் கொடுக்கலாம். மார்பிலேயே கொப்புளம் இருந்தால் மட்டும் அது ஆறும் வரை அந்தப் பக்கம் கொடுக்காமல், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.