கோபுரத்தைக் கட்டிவைத்து விற்க முடியாது

(தலைப்பு: ‘மதுரைப் பழைய நகருக்குள் உயரமான அடுக்குமாடிகள்: வளர்ச்சியே, சிதைவே!’ — ‘சிதைவே’ அணியின் மூன்றாவது உரை)

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணி உறவுகளுக்கும், இந்த நேரத்திலும் கலையாமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் அத்தனை பேருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். என்ன சொன்னார்? “ஏம்ப்பா, லண்டனப் பாருங்க! செயின்ட் பால் தேவாலயம் முந்நூறு வருசத்துக்கு மேல பழசு. ஆத்துக்கு அக்கரையில 310 மீட்டர் உசரத்துல கண்ணாடிக் கட்டடம் நிக்குது. ஊரு அழிஞ்சா போச்சு? நீங்க மட்டும் ஒம்பது மீட்டர், ஒம்பது மீட்டர்னு டேப்பப் பிடிச்சு அளந்துக்கிட்டே கெடங்க!”

ஒன்பது மீட்டர் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது என்பது 1997-இல் வந்த அரசாணை. தரைத்தளம், மேலே இரண்டு மாடி, அவ்வளவுதான். அதை எடுத்துவிடலாம் என்பது அவர்கள் கட்சி. எடுக்கவே கூடாது என்பது எங்கள் கட்சி.

நடுவர் அவர்களே, நான் வேறு குறிப்புகளோடுதான் வந்தேன். ஆனால் அண்ணன் லண்டனுக்கே டிக்கெட் எடுத்துவிட்டார். நாமும் போவோம்.

லண்டனின் தென்மேற்கில் ரிச்மண்ட் என்று ஒரு பூங்கா. மான்கள் திரிகிற பெரிய பூங்கா. அதில் ஒரு மண்மேடு. ஹென்றி ராஜா மேடு என்று பெயர். மேட்டின் ஓரத்தில் செடிகளால் ஆன வேலி. வேலியில் ஓர் ஓட்டை. நன்றாகக் கேளுங்கள், செடி வேலியில் ஓர் ஓட்டை! அந்த ஓட்டையில் கண்ணை வைத்தால், மரங்களுக்கு நடுவே ஒரு சந்து போகிறது. அந்தச் சந்தின் கோடியில், 16 கிலோமீட்டருக்கு அப்பால், செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடம் தெரிகிறது. நம் கோயிலிலிருந்து திருப்பரங்குன்றம் எவ்வளவு தூரமோ, அதைப் போல இரண்டு மடங்கு!

அந்த ஓட்டை தூர்ந்துபோகாமல் செடியை வெட்டி வெட்டிப் பராமரிக்கிறார்கள். சரி, தோட்டக்காரர் வெட்டினால் போதுமா? 16 கிலோமீட்டர் வழியில் எவனாவது ஒருவன் கட்டடம் எழுப்பிவிட்டால்? அதற்குத்தான் விதி. மேட்டில் நிற்பவரின் கண் மட்டத்தையும், எட்டிப்பிடிக்க வேண்டிய குவிமாடத்தின் அடி மட்டத்தையும் கடல் மட்டத்திலிருந்து அளக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே வரைபடத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே வருகிற ஒவ்வொரு மனைக்கும், ‘இங்கே இத்தனை மீட்டர்தான்’ என்று உச்சவரம்பு. முன்பக்கம் மட்டுமா? குவிமாடத்தின் இரண்டு பக்கமும், பின்னணியும் சேர்த்து. பின்னால் ஒரு கட்டடம் ஒட்டிக்கொண்டு நின்றால் குவிமாடத்தின் வடிவம் வானத்தில் தெரியாது இல்லையா?

2016-இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் 42 மாடியில் ஒரு கட்டடம் எழும்பியது. தேவாலயத்துக்கும் பின்னால், பல கிலோமீட்டர் தள்ளி. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஒருநாள் அந்த ஓட்டை வழியே பார்த்தவர்கள் பதறினார்கள். குவிமாடத்துக்குப் பின்னால் ஏதோ முளைத்திருக்கிறது! ஊரே பேசியது. செடி வேலியின் ஓட்டைக்காக, நடுவர் அவர்களே, பணம் கொடுக்காமல் யார் வேண்டுமானாலும் வந்து கண்ணை வைக்கக்கூடிய ஓர் ஓட்டைக்காக!

இந்த அக்கறை அவர்களுக்கு எப்போது வந்தது? 1930-களில், தேம்ஸ் கரையில் ஃபாரடே கட்டடம் என்ற தொலைபேசி நிலையம் எழும்பி, ஆற்றிலிருந்து தேவாலயத்தைப் பார்க்கும் பார்வையை மறைத்தது. பட்டது போதும் என்று 1937 முதல் தேவாலயத்தைச் சுற்றி உயர வரம்பு போட்டார்கள். இன்றுவரை இருக்கிறது.

அண்ணன் சொன்ன கண்ணாடிக் கட்டடங்களுக்கே வருகிறேன். லெடன்ஹால் கட்டடம் என்று ஒன்று, 225 மீட்டர். ஒரு பக்கம் சீஸ் துருவியைச் செருகிவைத்த மாதிரி சாய்ந்திருக்கும். அழகுக்காகவா சாய்த்தார்கள்? ஃப்ளீட் வீதியில் நடந்து வருகிறவனின் கண்ணில் தேவாலயத்துக்குப் பக்கத்தில் அது முட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்று சாய்த்தார்கள். சாய்த்தால் என்ன ஆகும்? மேலே போகப் போகத் தளம் சுருங்கும். மேல்மாடிக்குத்தானே வாடகை அதிகம்! அந்த இடத்தை, அந்தப் பணத்தை, தெருவில் நடக்கிறவனின் பார்வைக்காக விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் கட்டினார்கள். அண்ணே, நீங்கள் காட்டிய லண்டன் எங்கள் அணிச் சாட்சி. கூட்டிக்கொண்டு வந்ததற்கு நன்றி.

பாரிஸையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1973-இல் நகருக்குள் 210 மீட்டரில் மோன்பர்னாஸ் கோபுரத்தைக் கட்டிப் பார்த்தார்கள். நான்கே வருடத்தில், 1977-இல், 37 மீட்டர் வரம்பு போட்டார்கள். உயரக் கட்டடங்களை லா தெஃபான்ஸ் பக்கம் வெளியே கொண்டுபோனார்கள். இடையில் தளர்த்தினார்கள், 2023-இல் திரும்பவும் 37-க்கே வந்தார்கள்.

இப்போது மதுரைக்கு வருவோம். அளந்துகொண்டே கிடங்கள் என்றார் அல்லவா? அளந்தே காட்டுகிறேன்.

தெற்குக் கோபுரம் சுமார் 52 மீட்டர். கோபுரத்திலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு மூன்று மாடி வீடு. அதன் மொட்டை மாடியில் ஓர் அம்மா வற்றல் காயப்போடுகிறார். அவர் கண் தரையிலிருந்து பத்தரை மீட்டரில் இருக்கிறது. நடுவில் எல்லாம் ஒன்பது மீட்டர் வீடுகள் என்றால் அந்தக் கூரைகளுக்கு மேலே கோபுரம் கலசம் வரை தெரியும். அவருக்கு 100 மீட்டர் முன்னால் ஒரு கட்டடம் எழும்புகிறது. எத்தனை மாடி வந்தால் கோபுரம் கலசம் வரை மறையும்? கணக்குப் போடுங்கள். 52-இல் பத்தரை போனால் நாற்பத்தொன்றரை. கட்டடம் நிற்பது 500 மீட்டரில் 100 மீட்டர் தள்ளி, ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில். அதனால் உயரத்திலும் ஐந்தில் ஒரு பங்கு, 8.3. பத்தரையோடு கூட்டினால் 18.8 மீட்டர். கைப்பிடிச் சுவரோடு ஆறு மாடி போதும்! தமிழ்நாட்டு விதிகளில் ‘உயரக் கட்டடம்’ என்று எதைச் சொல்கிறோம்? 18.30 மீட்டரைத் தாண்டினால். ஆக, அந்த வரம்பைத் தாண்டி அரை மீட்டர் எழும்பினாலே அந்த அம்மாவுக்குக் கோபுரம் இல்லை.

“அது சரி, மனை வச்சிருக்கவன் நஷ்டப்படணுமா?” என்று எதிரணியின் முதல் பேச்சாளர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன்.

மாசி வீதிகளுக்குள் 20 அடிக்கு 60 அடி மனை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 1,200 சதுர அடி. மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதுதான் எஃப்.எஸ்.ஐ. சாதாரணக் கட்டடத்துக்கு அது 2. அதாவது 2,400 சதுர அடி கட்டலாம். மாடிக்கு 800 வீதம் மூன்று தளம், 2,400. ஒன்பது மீட்டருக்குள் முடிந்துவிட்டது! அந்த மனைக்காரர் எதை இழந்தார்?

சரி, அவரே உயரக் கட்டடம் கட்ட ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முடியுமா? சாலை குறைந்தது 12 மீட்டர் வேண்டும். கட்டடத்தைச் சுற்றி, தீயணைப்பு வண்டி வளைந்து வர, 30 மீட்டர் உயரம் வரை நாலாபக்கமும் 7 மீட்டர் விட வேண்டும். உயரம் கூடினால் அதுவும் கூடும். இரண்டு பக்கம் ஏழேழு பதினான்கு மீட்டர். மனையின் அகலமே ஆறு மீட்டர்தான். பத்து வீட்டை வரிசையாக வாங்கிச் சேர்த்தாலும் ஆழம் அறுபது அடி, அதாவது 18.3 மீட்டர். பதினான்கு போனால் மிச்சம் 4.3 மீட்டர், ஒரு தாழ்வாரம்தான் கட்டலாம். பின் வரிசைப் பத்து வீட்டையும் சேர்த்து, இருபது வீட்டை இடித்தால்தான் ஒரு பத்து மாடி நிற்கும். ஆக, ஒற்றை மனைக்காரருக்கு இதில் எதுவும் இல்லை. இருபது பேரையும் விற்கவைக்கும் பலம் உள்ளவருக்குத்தான் எல்லாம். மனைக்காரர் பேரைச் சொல்லி யாருக்காகப் பேசுகிறோம் என்று அண்ணன்மார் யோசிக்க வேண்டும்.

கட்டிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். வண்டி நிறுத்தத் தரைக்குக் கீழே இரண்டு தளம் வேண்டும். 8 மீட்டர் தோண்ட வேண்டும். தோண்டினால் ஊற்று நீர் வரும். மோட்டார் போட்டு இரவு பகலாக இறைப்பார்கள். நீரோடு பக்கத்து மனையின் நைஸ் மணலும் சேர்ந்து வரும். பழைய வீட்டின் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம்? மூன்றடி, நான்கடி, செங்கல்லும் சுண்ணாம்பும். அடியில் மண் இறங்கினால் முதலில் ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி சாய்வாக விரிசல் ஓடும். அடுத்து மெட்ராஸ் டெரஸ் கூரை. அது தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்தவைத்துச் சுண்ணாம்பு போட்ட கூரை. சுவர் விலக விலக உத்தரத்தின் முனை சுவரை விட்டு நழுவும். பள்ளத்தின் ஆழத்தைப் போல இரண்டு மடங்கு தூரம், 16 மீட்டர் வரை, இந்தப் பாதிப்பு போகலாம்.

தடுக்க வழி இருக்கிறது. தோண்டுவதற்கு முன்பே பள்ளத்தைச் சுற்றி கான்கிரீட் சுவர் இறக்க வேண்டும். தூணை அடித்து இறக்காமல் துளையிட்டு இறக்க வேண்டும். அக்கம்பக்கத்துச் சுவர்களைத் தேதியோடு படம் எடுத்து, இருக்கிற விரிசல் மேல் கண்ணாடித் துண்டு ஒட்டி, வாராவாரம் பார்க்க வேண்டும். கண்ணாடி உடைந்தால் அன்றே மோட்டாரை நிறுத்த வேண்டும். ஒன்பது மீட்டர் விதியை மீறிய கட்டடங்களுக்கே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போக வேண்டியிருந்த ஊரில், ஒரு கண்ணாடித் துண்டு உடைந்ததற்கு யார் மோட்டாரை நிறுத்துவார்கள்?

தண்ணீர்க் கணக்கு ஒரே வரி. அந்தப் பத்து மாடியில் எண்பது குடித்தனம் என்று வைத்தால், 320 பேர், தலைக்கு 135 லிட்டர்: நாளைக்கு 43,200 லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் தினமும் நான்கு நடை, ஆவணி மூல வீதிக்குள்!

“பழைய கட்டடம் இடிஞ்சு விழுது, ஆளக் கொல்லுது” என்றார்கள். 2020 தீபாவளி சமயம். விளக்குத்தூண் பக்கம் நவபத்கானா தெருவில் ஜவுளிக்கடையில் தீ. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் மேல் பழைய கட்டடம் இடிந்து விழுந்தது. இருவரும் போய்விட்டார்கள். அவர்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். அந்தச் சாவு கேட்பது பழைய கட்டடங்களுக்குத் தணிக்கை, பழுது பார்க்கப் பணம், தெருவில் வண்டி நுழைய வழி. ஏணி வண்டி தன் ஜாக்கிக் கால்களை விரிக்கவே ஐந்து, ஆறு மீட்டர் அகலம் வேண்டும். மூன்று மாடிக்கே போய்ச் சேர முடியாத சந்தில் பத்தாம் மாடியில் குழந்தைகளைக் குடிவைத்துவிட்டு, யாரை அனுப்புவோம்?

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. கணக்கை மூடிவைத்துவிடுகிறேன். இன்னும் ஒன்றே ஒன்று.

‘கோபுர தரிசனம் கோடி புண்ணியம்’ என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர் இது. 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாத ஐயர் தலைமையில், கக்கன் உள்ளிட்டோர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார்கள். அதற்கு முந்தின நாள் வரை? எத்தனை தலைமுறை, சாதியைச் சொல்லி வாசலிலேயே நிறுத்தப்பட்டது? கருவறை அவர்களுக்கு இல்லை. பொற்றாமரைக் குளம் இல்லை. கோபுரம் மட்டும் இருந்தது. நடுத்தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டால் ‘பார்க்காதே’ என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கதவைச் சாத்தியவர்களால்கூட அதை மறைக்க முடியவில்லை!

இன்று? நடக்க முடியாத பாட்டியை மாலையில் மாடிக்குத் தூக்கி வந்து நாற்காலியில் உட்காரவைத்து, “அந்தா பாரு ஆத்தா, கோபுரத்துல லைட்டப் போட்டுட்டாக” என்று காட்டுகிற பேரன் இருக்கிறான். தேரோட்டத்துக்கு மாசி வீதி வந்த கூட்டத்தில் முட்டி மோத முடியாமல், ஓரமாக நின்று கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்புகிற விவசாயி இருக்கிறார். மூட்டை இறக்கிவிட்டு, வேர்வையைத் துடைத்து, தலையை நிமிர்த்துகிற தொழிலாளி இருக்கிறார். இவர்களிடம் யாரும் இதுவரை காசு கேட்டதில்லை.

பத்து மாடி வந்தால் கோபுரம் எங்கே போகும்? எங்கும் போகாது. ‘கோபுரம் தெரியும் ஃபிளாட்’ என்று விளம்பரத்தில் வரும். சதுர அடிக்கு இத்தனை கூடுதல் என்று விலை ஏறும். எண்பது குடும்பம் காசு கொடுத்து வாங்கும். அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற தெரு முழுக்க, பாட்டியும் பேரனும் சேர்த்து, அதை இழக்கும். ஊரே வைத்திருந்ததை எடுத்து எண்பது பேருக்கு விற்பதை வளர்ச்சி என்று என்னால் சொல்ல முடியவில்லை, ஐயா.

கட்டுங்கள். சுற்றுச்சாலைக்கு வெளியே, விமான நிலையம் பக்கம், தோப்பூர் பக்கம், முப்பது மாடி கட்டுங்கள். அகலமான சாலை போட்டு, குழாய் பதித்து, பேருந்து விட்டுக் கட்டுங்கள், எங்கள் அணியே வந்து நிற்கும். மாசி வீதிக்குள் வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.