பள்ளம் காணோம், துளிகள் இருக்கின்றன

வணக்கம் நண்பர்களே. டைனோசர்களை அழித்த விண்கல் எல்லோருக்கும் தெரியும். அதன் குறுக்களவு 10 கிலோமீட்டர் போல. 326 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த ஒன்று 37 முதல் 58 கிலோமீட்டர் வரை இருந்திருக்கலாம் என்கிறார்கள். அது எங்கே விழுந்தது? பள்ளமே இல்லை. அந்தக் காலத்துக் கடல்தரை எப்போதோ பூமிக்குள் போய்விட்டது. மிச்சத்தை மழையும் காற்றும் கரைத்துவிட்டன.

அப்புறம் எப்படித் தெரியும்? திரையில் இருக்கிற படத்தைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் பார்பர்டன் மலைப்பகுதிப் பாறை இது. நடுவில் மணல்மணி அளவில் உருண்டை உருண்டையாகத் தெரிகிறதா? கல் மோதிய வேகத்தில் பாறையே ஆவியாகி, பூமியைச் சுற்றிப் பரவி, குளிர்ந்து துளித்துளியாகக் கொட்டியிருக்கிறது. அந்த மழைதான் இந்த அடுக்கு.

புவியியலாளர்கள் டொனால்டு லோ, கேரி பயர்லி இருவரும் 1980-களில் இதைச் சொன்னபோது எல்லோரும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. எரிமலையும் இப்படித் துளிகளைக் கக்கும் அல்லவா! நியாயமான சந்தேகம்தான். அதைத் தீர்த்தது குரோமியம். சில அடுக்குகளில் அதன் ஐசோடோப்பு விகிதம், அதாவது எடை வேறுபட்ட குரோமிய அணுக்கள் கலந்திருக்கும் விகிதம், பூமிப் பாறைகளோடு ஒத்துப்போகவில்லை, விண்கற்களோடு பொருந்துகிறது. எரிமலையால் அதைச் செய்ய முடியாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அதே அடுக்கில் துளிகளோடு கலந்து கிடக்கும் உடைந்த கடல்தரைத் துண்டுகள். அந்த மோதல் கிளப்பிய சுனாமி பெயர்த்துக் கொண்டுவந்தவை. ஹார்வர்டின் நாட்யா டிராபன் குழு 2024-இல் சொன்னது இன்னும் சுவாரசியம்: கடலின் மேல்மட்டம் கொதித்து ஆவியானது, ஆனால் சுனாமி ஆழத்து இரும்பை மேலே கலக்கிவிட்டதால், இரும்பை நம்பி வாழும் நுண்ணுயிர்கள் அதற்குப் பிறகு செழித்திருக்கின்றன.

சரி, பழைய பள்ளம் ஒன்றுகூடவா இல்லை? ஆஸ்திரேலியாவின் யாராபுப்பா இருக்கிறது. வயது 223 கோடி ஆண்டு. 2025-இல் அதே நாட்டின் பில்பராவில் 347 கோடி ஆண்டுப் பள்ளம் என்று ஓர் அறிவிப்பு வந்து பரபரப்பானது. அதே ஆண்டில் இன்னொரு குழு போய்ப் பார்த்தால், மோதலின் அதிர்ச்சியில் உண்டாகும் கூம்பு வடிவக் கீறல்கள் 271 கோடி ஆண்டுப் பாறையிலும் இருக்கின்றன. பாறை உருவான பிறகுதானே அடி விழ முடியும்? நான் இரண்டாவது குழுவின் பக்கம்.