ஐந்து நாள் போர், பாதியாகப் பிரிந்த குளம்: அகாஷர் எல்லைத் தகராறு

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் மாலிக்கும் புர்கினா ஃபாசோவுக்கும் நடுவில் இருக்கும் அகாஷர் என்ற நிலத்தைப் பற்றிப் பேசலாம். சுமார் 160 கிலோமீட்டர் நீளம், 30 கிலோமீட்டர் அகலம். கனிமம் கிடைக்கும் என்று பேச்சு இருந்தது உண்மைதான். ஆனால் அங்கே மாடு மேய்ப்பவர்களுக்கு எப்போதும் தேவைப்பட்டது தண்ணீர். பெலி என்ற ஓடையும் சில குளங்களும்தான் அவர்களுக்கு எல்லாம்.

இரண்டு நாடுகளையும் ஆண்டது பிரான்ஸ். இரண்டும் விடுதலை பெற்றது 1960-ல். புர்கினாவுக்கு அன்று மேல் வோல்டா என்று பெயர். சிக்கல் அதற்கும் முன்னால் ஆரம்பிக்கிறது. 1932-ல் பிரான்ஸ் மேல் வோல்டா என்ற காலனியையே கலைத்துவிட்டது. ஒரு பகுதி ஐவரி கோஸ்டுக்கு, ஒன்று நைஜருக்கு, இன்னொன்று இன்றைய மாலியான பிரெஞ்சு சூடானுக்கு. 1947-ல் மறுபடி உயிர் கொடுத்து, 1932-ல் இருந்த எல்லைதான் உங்கள் எல்லை என்றார்கள். சரி, அந்த எல்லை எங்கே ஓடியது? அதற்குத் தெளிவான பதில் யாரிடமும் இல்லை.

நடுவில், 1935-ல், ஒரு நிர்வாக உத்தரவு சில கிராமங்களின் பெயரைச் சொல்லி மாவட்ட எல்லையைக் குறித்தது. அப்போது கோட்டின் இரண்டு பக்கமும் ஒரே காலனிக்குள் இருந்ததால் யாருக்கும் கவலையில்லை. ஐம்பது வருடம் கழித்து, அந்த உத்தரவு எல்லையை மாற்றியதா, இருந்ததைத்தான் எழுதியதா என்று சர்வதேச நீதிமன்றத்தில் வாதம் நடந்தது. அந்த ஊர்க்காரர்களைக் கேட்காமல் எழுதிய காகிதம், அவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று சொல்கிறது. எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

முதல் மோதல் 1974-ல். அப்புறம் 1983-ல் இரண்டு நாடும் பேசி, வழக்கை ஹேக் நகரில் இருக்கும் அந்த சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். நல்ல முடிவு. ஆனால் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1985 டிசம்பரில், புர்கினாவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆட்கள் தகராறுப் பகுதியில் இருந்த, மாடு மேய்க்கும் ஃபுலானி மக்களின் முகாம்களுக்குப் போனார்கள். இன்னும் முடிவாகாத நிலத்தில் கணக்கெடுப்பா என்று மாலி கொதித்தது. கிறிஸ்துமஸ் நாளில் தாக்கியது. அன்று ஆட்சியில் இருந்தது புர்கினாவில் தாமஸ் சங்காரா, மாலியில் மூசா த்ராவோரே. ஐந்து நாளில் போர் நின்றது. அதற்குள் சாதாரண மக்களும் செத்தார்கள். தீர்ப்புக்காகக் காத்திருந்திருக்கலாமே!

தீர்ப்பு 1986 டிசம்பர் 22-ல் வந்தது. விடுதலை அன்று காலனி எல்லை எங்கே இருந்ததோ, அதுவே நாட்டு எல்லை என்ற கொள்கையை நீதிபதிகள் பிடித்துக்கொண்டார்கள். 1964-ல் கெய்ரோவில் ஆப்பிரிக்கத் தலைவர்களும் இதையே ஒப்புக்கொண்டிருந்தார்கள். எல்லைப் பிரச்சினையை மறுபடி கிளறினால் கண்டம் முழுக்க சண்டை வெடிக்கும் என்ற பயம் அவர்களுக்கு.

தீர்ப்பில் எனக்குப் பிடித்தது, தகராறுப் பகுதியில் இருந்த சும் என்ற குளத்தைப் பற்றிய முடிவு. அதை யாருக்குக் கொடுப்பது என்று சொல்ல எந்த ஆவணமும் கிடைக்கவில்லை. அதனால் குளத்தைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். அதிலும் கோடையில் சுருங்கிக் கிடக்கும் குளத்தை அல்ல, மழைக்காலத்தில் நிரம்பி நிற்கும்போது எவ்வளவு பரப்போ அதை. தண்ணீரைப் பார்த்து எழுதிய தீர்ப்பு அது.

இரண்டு நாடும் தீர்ப்பை ஏற்றுக்கொண்டன. பின்னாளில் நைஜருடனான எல்லைச் சிக்கலையும் புர்கினா அதே நீதிமன்றத்துக்குத்தான் கொண்டுபோனது. 2013-ல் அதற்கும் தீர்ப்பு வந்தது. அந்தக் கதையை அடுத்த வீடியோவில் விரிவாகச் சொல்கிறேன்.