சண்டைக்கார பசங்கள சேத்து வச்ச தண்ணி டேங்க்! சம்மர் கேம்ப்ல உண்மையில என்னதான் நடக்குது?

வணக்கம் மக்களே! ஒரு காட்டுக்குள்ள கேம்ப், 22 பசங்க, எல்லாருக்கும் பதினோரு வயசு கிட்ட, ரெண்டு டீம். ஒரு டீம் கொடிய இன்னொரு டீம் கொளுத்துது, ரூமுக்குள்ள பூந்து கட்டில கவுக்குறானுங்க, சாப்பிடுற எடத்துல சாப்பாட்ட எடுத்து ஒருத்தன் மேல ஒருத்தன் அடிக்கிறான். அதே பசங்க கடைசி நாள் ஒரே பஸ்ல தோள்ல கை போட்டுக்கினு வீட்டுக்கு போனாங்கன்னா நம்புவீங்களா? நடுவுல ஒரு தண்ணி டேங்க் வருது. ஸ்கிப் பண்ணாதீங்க, அதான் மேட்டரே.

அதுக்கு முன்னாடி நம்ம ஊரு. ஏப்ரல் பரிட்ச முடிஞ்சா வேலூர்ல வெயில் எப்படின்னு நான் சொல்லணுமா? அக்னி நட்சத்திரத்துல 40 டிகிரிய தாண்டி போவுது, காலைல பத்து மணிக்கு மேல பசங்கள தெருவுல விட முடியாது. சத்துவாச்சாரில இருந்தாலும் சரி, காட்பாடில அபார்ட்மெண்ட்ல இருந்தாலும் சரி, ஏசி, சோபா, போன், அவ்ளோதான் லீவு. உடனே நாம போய் சேக்குறது தெருமுனைல போர்டு வச்ச "சம்மர் கேம்ப்". அபாகஸ், ஹேண்ட்ரைட்டிங், ஃபோனிக்ஸ், கடைசில ஒரு சர்டிஃபிகேட். தப்பா எடுத்துக்காதீங்க, அது கேம்ப் இல்ல, தொப்பி போட்ட டியூஷன்.

வரலாறு வேகமா: 1861ல அமெரிக்காவுல கனெக்டிகட்ல கன்-ங்குற ஒரு ஸ்கூல் வாத்தியார் பசங்கள கூட்டிட்டு போய் கடலோரம் கூடாரம் போட்டாரு, 1907ல பேடன் பவல் இங்கிலாந்துல பிரௌன்சீ தீவுல சாரணர் கேம்ப் நடத்துனாரு. முடிஞ்சது. டேங்க்குக்கு வருவோம்.

1954, ஓக்லஹோமா, ராபர்ஸ் கேவ் பார்க். முசாஃபர் ஷெரீஃப்னு ஒரு உளவியல் ஆய்வாளர். பசங்களுக்கு தெரியாம நடத்துன ஆராய்ச்சி இது, அவங்களுக்கு சாதாரண கேம்ப்னுதான் நெனப்பு. மொத வாரம் ரெண்டு டீமுக்கும் இன்னொரு டீம் இருக்குறதே தெரியாது, தனித்தனியா நீச்சல், நடை, சமையல்னு போவுது. ஒரு டீம் ஈகிள்ஸ், இன்னொன்னு ராட்லர்ஸ், பேரு அவனுங்களே வச்சிக்கிட்டது. அப்புறம் பேஸ்பால், கயிறு இழுக்குறதுன்னு போட்டி, ஜெயிக்கிற டீமுக்கு மெடலும் கத்தியும் (ஆமா, கத்தி, பதினோரு வயசு பசங்களுக்கு, என்ன காலமோ). அவ்ளோதான், பத்திக்கிச்சு.

இப்ப சேத்து வைக்கணும். என்ன பண்ணாங்க? நாம பண்றதேதான், ஒண்ணா உக்கார வச்சு சோறு போட்டாங்க, ஒண்ணா படம் காட்டுனாங்க. சோறு பறந்துச்சு. ஒண்ணும் வேலைக்காவல.

அப்புறம்தான் கேம்ப்புக்கு தண்ணி வர்ற லைன ஆய்வாளருங்களே அடைச்சு வச்சாங்க. வெயில், தாகம், கொழாய தொறந்தா சொட்டு வரல. ரெண்டு டீமும் டேங்க்கு ஏறி தேடி, கொழாய்ல சாக்கு அடைச்சிருக்குறத கண்டுபிடிச்சு, "நீ இத புடி, நான் அத இழுக்குறேன்"னு ஆரம்பிச்சாங்க. அடுத்து சாப்பாடு வாங்க போற லாரி ஸ்டார்ட் ஆவல. எந்த கயித்த வச்சு இழுத்தாங்க தெரியுமா? ரெண்டு டீமும் எதிரெதிரா நின்னு இழுத்துச்சே, அதே கயிறு! இப்ப ரெண்டு டீமும் ஒரே பக்கம். யோவ், சினிமால வச்சா ஓவரா இருக்குன்னு சொல்லுவோம். திரும்பி போறப்ப ராட்லர்ஸ் போட்டில ஜெயிச்சு வச்சிருந்த 5 டாலர்ல எல்லாருக்கும் சேத்து மால்ட் பால் வாங்கி குடுத்தாங்க.

தண்ணி இல்லன்னா மனுஷன் பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட பேசுவான்னு நமக்கு யாரும் ஆராய்ச்சி பண்ணி சொல்ல வேணாம், பாலாத்துல மணல பாத்தே வளந்தவங்க நாம. 2019ல ஜோலார்பேட்டைல இருந்து சென்னைக்கே ரயில்ல தண்ணி அனுப்புனோம்ல!

ஷெரீஃப் பண்ணது சரியா? இல்ல, இன்னிக்கு அப்படி பசங்கள ஏமாத்தி பண்ண விடவே மாட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம், 1953ல, அவரே நியூயார்க் பக்கம் இதே மாதிரி ட்ரை பண்ணப்ப, ஆய்வாளருங்கதான் சண்ட மூட்டி விடுறாங்கன்னு பசங்க கண்டுபிடிச்சு, சண்டையே போடல, ப்ளான் ஊத்திக்கிச்சு. எனக்கு அந்த பசங்கதான் ஹீரோ.

சரி, இது நம்ம புள்ளைக்கு எப்படி? ஜோலார்பேட்டை பக்கத்துலயே ஏலகிரி. இப்ப திருப்பத்தூர் மாவட்டம், 2019க்கு முன்னாடி வேலூர் மாவட்டம்தான். 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் புலவர், வள்ளல்னு பேரு, வாந்தி எடுக்காம மேல போனாலே ஒரு கான்ஃபிடன்ஸ். அங்க ஒரு கேம்ப்ல நான் பாத்தது: டென்ட் அடிக்க நாலு பேர் வேணும், ரெண்டு பேர் புடிக்கணும், ஒருத்தன் ஆணி அடிக்கணும், ஒருத்தன் கயிறு கட்டணும். ஷூ லேஸ் வரைக்கும் அம்மா கட்டி விட்ட பையன் அங்க முடிச்சு போட்டு, அவுந்து, திரும்ப போட்டு, கடைசில "இழுத்து பாருடா, வராது"ன்னு அடுத்தவன கூப்புடுறான். ராத்திரி கக்கூஸ் கொஞ்சம் தூரம், இருட்டு. டார்ச்ச கையில வச்சுக்கினு, மத்தியானம் வரைக்கும் பேரே தெரியாத பையன எழுப்பி, "டேய், கூட வர்றியா?" அவ்ளோதாங்க ஃப்ரெண்ட்ஷிப்பு.

நம்பர் வேணும்னா இந்தாங்க. கன்சாஸ் யுனிவர்சிட்டி ஜெஃப்ரி ஹால் 2018ல போட்ட கணக்கு, தெரிஞ்சவன் சாதாரண ஃப்ரெண்ட் ஆவ சுமார் 50 மணி நேரம், நெருங்கின ஃப்ரெண்ட் ஆவ 200க்கு மேல. அது பெரியவங்க, காலேஜ் பசங்கள வச்சு பாத்தது, ஆனா கணக்கு போட்டு பாருங்க, ஸ்கூல் இன்டர்வல் அரை மணி நேரம்னா 50 மணி நேரத்துக்கு 100 நாள் ஆவுது, கேம்ப்ல ஒரு நாளைக்கு முழிச்சிருக்குறதே 15 மணி நேரம், நாலாவது நாளே தாண்டிடும்!

போன்? 2014ல கலிஃபோர்னியால ஆறாவது படிக்கிற 51 பசங்க அஞ்சு நாள் ஸ்க்ரீனே இல்லாம கேம்ப்ல இருந்தாங்க, திரும்பி வந்தப்ப மூஞ்ச பாத்து மனச புரிஞ்சிக்கிறதுல, வழக்கம்போல இருந்த பசங்கள விட நல்லா முன்னேறி இருந்தாங்க. அஞ்சே நாள்ங்க.

அதனால கேம்ப்புக்கு பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஸ்விம்மிங் பூல் சைஸ கேக்காதீங்க. தட்ட யாரு கழுவுவாங்கன்னு கேளுங்க, "எல்லாத்துக்கும் ஆள் இருக்கு சார்"னா வேற எடம் பாருங்க. லேடி ஸ்டாஃப், பக்கத்துல ஆஸ்பத்திரி, ராத்திரி வண்டி, இதெல்லாம் சொல்லவே வேணாம். அப்புறம், வீட்டு ஞாபகம் வந்து அழுதா என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க. நீங்களும் "புடிக்கலன்னா போன் பண்ணு கண்ணு, அப்பா உடனே வந்து கூட்டினு போறேன்"னு சொல்லி அனுப்பாதீங்க. அப்படி ஒப்பந்தம் போட்டுக்காதீங்கன்னு 2007லயே அமெரிக்க குழந்தை டாக்டருங்க அமைப்பு சொல்லிருக்கு. அந்த வார்த்தைய கேட்ட புள்ள மொத ராத்திரியே டென்ட்ட விட்டுட்டு போன் எங்க இருக்குன்னுதான் தேடும்.