சீராளன் கதையைக் குழந்தைக்குச் சொல்லலாமா?

(திரையில்: வாழை இலை. ஓரத்தில் ஒரு சின்னக் கொலுசு.)

வணக்கம். வீட்டுக்கு ஒரு சிவனடியார் சாப்பிட வருகிறார். அவர் கேட்பது பிள்ளைக்கறி. 5 வயதுப் பையனாக இருக்க வேண்டும், வீட்டுக்கு ஒரே பிள்ளையாக இருக்க வேண்டும், அம்மா பிடித்துக்கொள்ள அப்பா அரிய வேண்டும். அப்படியே செய்து, சமைத்து, இலை போடுகிறார்கள்.

இதைப் படமாக எடுத்தால் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவீர்களா? மாட்டீர்கள். ஆனால் இது பெரியபுராணத்தில் வருகிற சிறுத்தொண்டர் கதை. அவர் பிள்ளைதான் சீராளன். என் பாட்டி எனக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொன்ன கதை!

அரிகிற இடத்தைப் பாட்டி ஒரே வரியில் தாண்டிவிடுவாள். "பையனைக் கூப்பிடுங்கள், சேர்ந்து சாப்பிடலாம்" என்று அடியார் சொல்கிற இடத்தில்தான் நிதானமாக நிற்பாள். அம்மா வாசலுக்குப் போய்க் கூப்பிடுகிறாள். 'சீராளா...' என்று பாட்டி மூன்று தடவை இழுப்பாள். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவருகிற மாதிரி பையன் உயிரோடு ஓடி வருவான். சேக்கிழார் பாட்டிலும் அப்படித்தான் வருகிறான். அந்த மூன்றாவது 'சீராளா'வுக்குள் எனக்கு அழுகை முட்டினால், பாட்டி அடுத்த வாய் சோற்றை நிறுத்திவிட்டு, பையனைச் சீக்கிரம் ஓடிவர வைத்துவிடுவாள்.

படம் அப்படி நிற்காது. குழந்தை காதைப் பொத்திக்கொண்டாலும் பின்னணி இசை ஏறிக்கொண்டேதான் போகும். கதையில் ரத்தத்தின் அளவைக் குழந்தையின் கற்பனை முடிவு செய்கிறது, படத்தில் டைரக்டர் முடிவு செய்கிறார்.

(திரையில்: பச்சை நிறப் பெரிய நிழல்.)

சரி, எந்த வயதுக் குழந்தை எதற்குப் பயப்படும்? அமெரிக்காவில் ஜோஆன் கேன்டர் என்ற ஆய்வாளர் இதைப் பல வருடங்கள் பார்த்திருக்கிறார். ஹல்க் என்ற டிவி தொடரைப் போட்டுக்காட்டியபோது, 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் மிரண்டது அதில் வருகிற மனிதர் பச்சை ராட்சதனாக மாறிய பிறகுதான். அவர் ஆளைக் காப்பாற்றத்தான் வருகிறார். அது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த வயதில் உருவம்தான் பயம்.

9, 10 வயதில் இது தலைகீழாகிவிடும். ராட்சதனைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆள் கடத்தல், வீடு புகுந்து திருட்டு, தீ விபத்து, இப்படி நிஜத்தில் நடக்கக்கூடியதுதான் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும். பேய்ப் படத்தை அணைத்துவிட்டு, ஹாலில் கொலைச் செய்தியை ஓடவிடுகிற வீடுகள் நிறைய. நம் வீடும் சேர்த்துத்தான்.

இதனால்தான் 4 வயதுக் குழந்தையிடம் "அது நிஜமில்லடா, மேக்கப்" என்று விளக்கினால் எடுபடாது. மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். விளக்கமெல்லாம் பெரிய பிள்ளைகளுக்கு.

அப்புறம், படங்களுக்குத் தரும் தணிக்கைச் சான்றிதழ். 2024 விதிகளின்படி யு/ஏ இப்போது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. போஸ்டரில் தேடிப் பாருங்கள், நல்ல மாற்றம். ஆனால் 'ஏ' படத்துக்குத்தான் 18 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. யு/ஏ பெற்றோருக்கான குறிப்பு மட்டுமே, தியேட்டர் வாசலில் யாரும் தடுக்க மாட்டார்கள். 13+ படத்தின் ராத்திரிக் காட்சியில் கைக்குழந்தை அலறுவதைக் கேட்டிருப்பீர்கள்.

இருட்டான கதையே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சாவு, பசி, பிரிவு எல்லாம் குழந்தை எப்படியும் கேட்கப்போகிற விஷயங்கள். முதலில் நம் வாயால் கேட்கட்டும். படமென்றால் நாம் முன்னால் பார்த்துவிட்டு, பகலில், வீட்டில், ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு போடலாம்.

சீராளன் கதையை என் மகளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. இரண்டு தடவை ஆரம்பித்து, அடியார் வீட்டு வாசலுக்கு வந்ததும் வேறு கதைக்குத் தாவிவிட்டேன். அவளுக்கு இப்போது 5 வயது.