அடுத்த ஊர் லேபில் ஒரு டாக்டர்

நேயர்களுக்கு வணக்கம்.

என்னோடு படித்த டாக்டர் ஒருவருக்கு இருமுனை மனநோய். உற்சாகமும் சோர்வும் மாறி மாறி எல்லை மீறும் நோய் அது. அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். அதற்குத் தினமும் லித்தியம் என்ற மருந்து சாப்பிடுகிறார். அது ரத்தத்தில் குறைந்தால் பலனில்லை, கூடினால் நஞ்சு. அதனால் இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்து அளவு பார்க்க வேண்டும். வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே லேப் இருந்தும் இவர் காலையில் பஸ் பிடித்து அடுத்த ஊருக்குப் போவார். என்ன தொழில் என்று கேட்டால், "ஜவுளி வியாபாரம்."

மனநோய் உள்ளவரிடம் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாமா என்று ஜனங்கள் பயப்படுகிறார்கள். பயத்தில் தப்பில்லை. நோய் முற்றியிருக்கும் நாளில் எந்த டாக்டரும் ஸ்டெதாஸ்கோப்பைத் தொடக் கூடாது. இதில் எனக்கு மறுபேச்சே கிடையாது. ஆனால் வருஷம் முழுக்க அப்படியே இருப்பதில்லையே! அமெரிக்காவின் டேனியல் ஃபிஷர், மனச்சிதைவு என்று பலமுறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். அப்படியும் மருத்துவம் படித்தார். மனநல மருத்துவராகப் பல்லாண்டு வேலையும் பார்த்தார்.

என்னைப் பயமுறுத்துவது அந்த ஜவுளி வியாபாரம்தான்.

லண்டனில் தக்ஷா எம்சன் என்று ஒரு மனநல மருத்துவர். இந்திய வம்சாவளி. இவருக்கும் இருமுனை நோய். வேலைக்கு ஆபத்து வருமோ என்று அதை மூடி மறைத்தே வாழ்ந்தார். பிள்ளைப்பேற்றுக்காக மருந்தை நிறுத்தியிருந்தார். 2000 அக்டோபரில் நோய் திரும்பியது. மூன்று மாதக் கைக்குழந்தையும் அவரும் பிழைக்கவில்லை. சாதாரண நோயாளிக்குக் கிடைக்கும் கவனிப்புகூட அவருக்குக் கிடைக்கவில்லை என்றது 2003இல் வந்த விசாரணை அறிக்கை. சக டாக்டர் என்ற கூச்சம், பாருங்கள். 2008இல் லண்டனில், டாக்டர்கள் வெளியே தெரியாமல் சிகிச்சை பெறத் தனிச் சேவையே தொடங்கினார்கள்.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் டாக்டர் தொழிலுக்கான உரிமப் படிவத்தில், 'எப்போதாவது மனநோய் இருந்ததா?' என்று கேட்டுவந்தார்கள். அதற்குப் பயந்து டாக்டர்கள் சிகிச்சைக்கே போகாமல் இருந்துவிடுவார்கள். இப்போது பல மாநிலங்களில் 'இன்று வேலையைப் பாதிக்கிறதா?' என்றுதான் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

என் நண்பர் கடைசியில் தன் துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னார். சொல்வதற்கு ஆறு வருஷம் ஆயிற்று. தலைவர் கேட்டது ஒன்றே ஒன்று: "நைட் டூட்டி ஒத்துக்குமா?" ஒத்துக்கொள்ளாது, தூக்கம் கெட்டால் இந்த நோய் தலைதூக்கும். மறு வாரமே தலைவர் டூட்டிப் பட்டியலை மாற்றிவிட்டார். இப்போது நண்பர் காலை 8 மணிக்குத் தன் ஆஸ்பத்திரி லேபிலேயே கையை நீட்டுகிறார், 9 மணிக்கு ஓ.பி.யில் உட்காருகிறார்.