நகர மன்றக் கதவில் ஒட்டிய தாள்

அவைத்தலைவர் அவர்களே, கலிபோர்னியாவின் சிறு நகரங்களில் வீடெடுத்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து வாழும் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

உங்கள் ஊர் நகர மன்றம் செவ்வாய் இரவு 7 மணிக்குக் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு 7 மணிக்குள் அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். 72 மணி நேரக் கெடு. உள்ளாட்சி மன்றங்கள் மக்கள் முன்னே திறந்த கூட்டத்தில்தான் முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லும் கலிபோர்னியாவின் பிரௌன் சட்டம், 1953-இல் பிறந்து பலமுறை திருத்தப்பட்டது. அதன் கட்டளை இது. அரிதான அவசரங்களைத் தவிர, அந்தத் தாளில் இல்லாத எதைப் பற்றியும் மன்றம் முடிவெடுக்க முடியாது. ஊரின் சாலை, தண்ணீர்க் கட்டணம், போலீஸ் செலவு, அடுத்த தெருவில் எழப்போகும் அடுக்குமாடி எல்லாம் முதலில் இந்தத் தாளில்தான் தலைகாட்டும். இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

தாளை யாரும் படிக்காத ஊருக்கு என்ன ஆனது? லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் பெல் என்று ஒரு சின்ன ஊர். பரப்பளவு இரண்டரை சதுர மைல், மக்கள் தொகை சுமார் 35,000, பெரும்பாலும் உழைத்துப் பிழைக்கும் குடும்பங்கள். 2005 நவம்பரில் அங்கே ஒரு சிறப்புத் தேர்தல் வைத்தார்கள். பெல் தனக்கென்று சாசனம், அதாவது நகரத்தை நடத்தும் சொந்த அடிப்படை விதிகள், வகுத்துக்கொள்ளலாமா என்பதுதான் கேள்வி. பதிவான வாக்குகள் 400-ஐக்கூடத் தொடவில்லை. சாசன நகரமானதும், மன்ற உறுப்பினர் சம்பளத்துக்கு மாநிலச் சட்டம் வைத்திருந்த உச்சவரம்பு பெல் நகரைக் கட்டுப்படுத்தாமல் போனது. ஓரிரு நிமிடத்தில் முடிந்த வாரியக் கூட்டங்களுக்கெல்லாம் தனித்தனி ஊதியம் போட்டுக்கொண்டு, பகுதிநேர உறுப்பினர்கள் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்குப் பக்கத்தில் வாங்கினார்கள். நகர நிர்வாகத்தை நடத்திய நகர மேலாளர் ராபர்ட் ரிசோவின் ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 7,87,000 டாலர்.

2008-இல் ஊர்வாசி ஒருவர் இந்தச் சம்பளக் கணக்கைக் கேட்டார். அவர் கையில் கொடுக்கப்பட்டவை குறைத்துக் காட்டிய பொய்யான எண்கள். ஆகவே அரசு ஆவணங்களைக் கேட்டுப் பெறும் உரிமை தரும் பொது ஆவணச் சட்டத்தின்கீழ் கேட்கும்போது "சம்பளம் எவ்வளவு?" என்று எழுதாதீர்கள். "கையெழுத்தான பணி ஒப்பந்தத்தின் நகலும், அதை ஏற்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பும் வேண்டும்" என்று எழுதுங்கள். எண்ணை மாற்றிச் சொல்வது எளிது, மூல ஆவணத்தை மாற்றுவது கடினம். ஆவணம் தரமுடியுமா முடியாதா என்பதை 10 நாட்களுக்குள் அவர்கள் தெரிவித்தாக வேண்டும்.

2010 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் இதை வெளியிட்ட பிறகுதான் ஊர் விழித்தது. 2011 மார்ச்சில் மன்றத்தையே வாக்கால் மாற்றினார்கள். 2014-இல் ரிசோவுக்கு 12 ஆண்டு சிறை. சட்டமும் திருந்தியது. உயர் அதிகாரியின் சம்பளத்தை இப்போது 24 மணி நேர அறிவிப்பில் கூட்டும் சிறப்புக் கூட்டத்தில் தீர்மானிக்க முடியாது, வழக்கமான கூட்டத்தில்தான் முடியும். 2017 முதல், வாக்கெடுப்புக்கு முன் அந்தச் சம்பளத்தின் சுருக்கத்தை வாய்விட்டுப் படிக்கவும் வேண்டும். பெல் மக்கள் கொடுத்த விலைக்கு மற்ற ஊர்கள் பெற்ற பாதுகாப்பு இது.

நகர மேலாளர் யார் என்பதில் நம்மில் பலருக்குக் குழப்பம் உண்டு. தமிழ்நாட்டில் நகராட்சி ஆணையர் மாநில அரசு அனுப்பும் அதிகாரி. இங்கே பெரும்பாலான சிறு நகரங்களில் மேலாளரை வேலைக்கு எடுப்பதும் அனுப்புவதும் நகர மன்றம்தான். ஐந்து உறுப்பினர், அவர்களில் ஒருவர் மேயர். மேயரின் வாக்கும் ஒரே வாக்குதான். ஆகவே குழி விழுந்த சாலைக்கு மேயரைத் தேடிப் போகாதீர்கள், பொதுப்பணித் துறைக்கு எழுதுங்கள். பள்ளிப் பிரச்சினையைக் கொண்டுவந்து நகர மன்றத்தில் கொட்டுவது அதைவிட வீண். பள்ளிக்குத் தனியாகத் தேர்ந்தெடுத்த வாரியம் இருக்கிறது, அதற்கும் இதே பிரௌன் சட்டம் உண்டு.

இனி தாளுக்குள் போவோம். அதில் நான் முதலில் பார்க்கச் சொல்வது கன்சென்ட் காலெண்டர் என்ற பகுதி. விவாதம் தேவையில்லை என்று அலுவலர்கள் கருதும் பத்துப் பதினைந்து பொருள்களை ஒரே கட்டாகக் கட்டி, ஒரே வாக்கில் நிறைவேற்றுவார்கள். சென்ற கூட்டக் குறிப்பும் அதில் இருக்கும், பல லட்சம் டாலர் ஒப்பந்தமும் அதில் இருக்கும். ஒவ்வொரு பொருளோடும் அலுவலர் அறிக்கை இணைந்திருக்கும். நேரமில்லாதவர்கள் அதில் இரண்டு இடம் படித்தால் போதும்: பரிந்துரை, நிதித் தாக்கம். ஒரு பொருளைக் கட்டிலிருந்து பிரித்துத் தனியே விவாதிக்க வேண்டுமானால், சில ஊர்களில் பொதுமக்களே கேட்கலாம், சில ஊர்களில் மன்ற உறுப்பினர்தான் கேட்க முடியும். உங்கள் ஊர் முறை என்ன என்று, நிரலையும் ஆவணங்களையும் கவனிக்கும் நகர அலுவலரான சிட்டி கிளார்க்கிடம் முன்னமே கேட்டுவையுங்கள். அன்று மாலை மேடைக்கு முன் நின்று கேட்டால் காலம் கடந்திருக்கும்.

பேச உங்களுக்குப் பெரும்பாலும் மூன்று நிமிடம். கூட்டம் அதிகமானால் இரண்டாக, ஒன்றாகக்கூடக் குறைப்பார்கள். அதனால் ஒரு நிமிடத்துக்கும் ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாக்கியத்திலேயே பொருள் எண்ணையும், ஆதரவா எதிர்ப்பா என்பதையும் சொல்லிவிடுங்கள். பலர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வதிலேயே நேரத்தைக் கரைத்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமலே இறங்குகிறார்கள். பெயர் சொல்வது கட்டாயமில்லை. உங்கள் தாயோ தந்தையோ தமிழில் பேச, இன்னொருவர் மொழிபெயர்த்தால், அவர்களுக்கு இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும். அது சட்டம் தந்த உரிமை, தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

நிரலில் இல்லாத விஷயத்தைப் பற்றியும் பேசலாம். ஆனால் பேசி முடித்ததும் ஐந்து பேரும் மௌனமாக இருப்பார்கள். நம்மவர்கள் இதை அவமதிப்பு என்று எடுத்துக்கொண்டு, அதன்பின் அந்தப் பக்கமே போவதில்லை. 72 மணி நேர அறிவிப்பு இல்லாத பொருளை அவர்கள் விவாதிக்கவே கூடாது. சுருக்கமாகப் பதில் சொல்லலாம், அலுவலரிடம் ஒப்படைக்கலாம், பின்னொரு கூட்டத்தின் நிரலில் சேர்க்கலாம், அவ்வளவுதான். எனவே "இதை வரும் கூட்டத்தின் நிரலில் சேருங்கள்" என்பதே அங்கே சரியான கோரிக்கை.

இன்னொரு பிழை நல்லெண்ணத்தில் நடப்பது. ஐந்து பேரில் மூவர் பெரும்பான்மை. அந்த மூவர் கூட்டத்துக்கு வெளியே ஒரு பொருளைப் பற்றித் தங்களுக்குள் கலந்துகொள்ளக் கூடாது. ஒருவர் வழியாக இன்னொருவருக்கு, அவர் வழியாக மூன்றாமவருக்கு என்று தொடர்ந்தாலும் மீறல்தான். ஆர்வமுள்ள ஊர்வாசி ஒருவர் முதல் உறுப்பினரிடம் பேசிவிட்டு, "அவர் ஆதரவு, நீங்கள்?" என்று அடுத்தவர்களிடம் போய்க் கேட்டால், அந்தச் சங்கிலியின் கண்ணியாக அவரே ஆகிவிடுகிறார். நல்ல காரியம் நீதிமன்றத்தில் போய் நிற்கும். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள், மற்ற உறுப்பினர் சொன்னதைச் சுமந்து செல்லாதீர்கள்.

மன்றமே விதியை மீறினால்? எழுத்தில் திருத்தம் கோரலாம். திறந்த கூட்டத்தில், நிரலில் இல்லாத பொருளுக்கு முடிவெடுத்திருந்தால் 30 நாட்களுக்குள், மற்ற பெரும்பாலான மீறல்களுக்கு 90 நாட்களுக்குள். திருத்த அவர்களுக்கு 30 நாள். திருத்தாவிட்டால் வழக்குப் போட உங்களுக்கு 15 நாள்தான். இந்தக் கடைசிக் கெடுவைத் தவறவிடுவோர்தான் அதிகம்.

மன்றத்தின் மேல் கண் வைத்த ஊரையும் பார்க்க வேண்டாமா? சாக்ரமெண்டோவுக்கு மேற்கே டேவிஸ். 1960-களில் அங்கே பல்கலைக்கழகம் வளர, கார்கள் பெருக, மிதிவண்டிக்காரர்கள் ஓரங்கட்டப்பட்டார்கள். ஊர்வாசிகள் சிலர் தனிப் பாதை கேட்டு மனு எடுத்தார்கள். மன்றம் மசியவில்லை. 1966 தேர்தலில் அதையே பிரச்சினையாக்கி, ஆதரவாளர்களை மன்றத்துக்கு அனுப்பினார்கள். மாநிலச் சட்டத்தில் அப்படி ஒரு பாதைக்கு இடமே இருக்கவில்லை, அதையும் மாற்ற வைத்தார்கள். 1967-இல் அமெரிக்காவின் முதல் மிதிவண்டித் தடங்கள் டேவிஸ் தெருக்களில் கோடாக விழுந்தன. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அடுத்து நடந்தது. ஒரே அமைப்பைப் பிடித்துத் தொங்காமல், வெவ்வேறு தெருக்களில் வெவ்வேறு விதமாகப் போட்டுச் சோதித்தார்கள். நிறுத்திய கார்களுக்கும் நடைமேடைக்கும் இடையே தடம் போட்ட இடத்தில், வீட்டு வாசலிலிருந்து வரும் கார்களுக்கு மிதிவண்டி தெரியவில்லை. அந்த அமைப்பைக் கைவிட்டார்கள். அதே ஊர், 2000-இல் விளைநிலத்தை மனையாக்க மக்கள் வாக்கு வேண்டும் என்று சட்டம் இயற்றி, 2005-இல் கோவெல் வில்லேஜ் குடியிருப்புத் திட்டத்தை வாக்குச்சீட்டால் நிராகரித்தது. சரியோ தவறோ, வீட்டுவிலை ஏற்றத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்பாரும் உண்டு. ஆனால் முடிவு ஊரார் எடுத்தது.

"எங்களுக்கு வாக்கே இல்லையே, ஹெச்-1பி விசாவில் இருக்கிறோம், கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம்" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. மன்றத்தில் பேச வாக்குரிமை தேவையில்லை. திட்டக் குழு, பூங்காக் குழு போன்ற நகரக் குழுக்களில் நியமனம் பெறவும் 2019-இல் வந்த மாநிலச் சட்டப்படி குடியுரிமை தேவையில்லை, 18 வயதும் மாநிலத்தில் குடியிருப்பும் போதும். விசாவில் இருப்போர், அந்தப் பதவிக்குப் படித்தொகை உண்டா என்று மட்டும் முதலில் விசாரித்து, வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு எந்தெந்தக் குழுவில் யார் பதவிக்காலம் முடிகிறது, அந்த இடத்துக்கு என்ன தகுதி வேண்டும் என்ற பட்டியலை ஒவ்வொரு டிசம்பர் 31-க்குள்ளும் நகரம் வெளியிட வேண்டும். சிட்டி கிளார்க் அலுவலகத்தில் கிடைக்கும், ஊர் நூலகத்துக்கும் ஒரு பிரதி போகும். பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுக்கப் போகும்போது, அந்தப் பட்டியல் எங்கே என்று நூலகரிடம் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.